கவுண்டி ஃபேரில் பிள்ளைகள் வளர்த்த காய்கறி: முதல் முறை கலந்துகொள்ளும் குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் கோடை வந்துவிட்டால் கவுண்டிக்குக் கவுண்டி ஃபேர், அதாவது மாவட்ட அளவிலான விவசாயப் பொருட்காட்சி, தொடங்கிவிடும். ராட்டினம் சுற்றி, ஆட்டுக்குட்டியைத் தடவிக் கொடுத்து, எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு நம்மவர்கள் பெரும்பாலோர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதே மைதானத்தின் ஒரு கூடாரத்தில், வெள்ளைத் தட்டுகளில் ஐந்து தக்காளி, பன்னிரண்டு பீன்ஸ், ஒரு கத்தரிக்காய் என்று வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டும் ரிப்பனும் இருக்கும். எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வளர்த்துக் கொண்டுவந்தவை. கொல்லையில் வெண்டையும் கத்தரியும் பாகலும் போடும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்தப் பிள்ளைகளின் தட்டும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது நடு நியூஜெர்சியில். அதனால் கீழே சொல்லும் மாதங்களும் தேதிகளும் இந்தப் பக்கத்துக் கணக்கு. இங்கே ஃபேர்கள் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நடக்கும். மெர்சர் கவுண்டியில் ஹவல் பண்ணையிலும், சாமர்செட் கவுண்டியில் பிரிட்ஜ்வாட்டர் பக்கத்து நார்த் பிராஞ்ச் பூங்காவிலும், மிடில்செக்ஸ் கவுண்டியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் கூடுகிறார்கள். டெக்சாஸில் சில கவுண்டிகளில் செப்டம்பர், அக்டோபர் ஆகும். ஃப்ளோரிடாவில் பல கவுண்டிகளில் வெயில் தணிந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். உங்கள் ஊர்த் தேதியை வைத்துக் கணக்கை நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பெரிய காய் ஜெயிக்காது. ஒன்றுபோல் இருக்கும் காய்கள்தான் ஜெயிக்கும். வளர்ப்பது பாதி வேலை, தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை ஒரே ஒரு தொட்டியில் வளர்த்த மிளகாயைக் கொண்டுபோய்கூட நீல ரிப்பன் வாங்கலாம்.

சேருவது எப்படி

இளையோருக்கான காட்சிகளில் பெரும்பாலானவை ஃபோர்-எச் (4-H) என்ற இளையோர் அமைப்பின் கீழ் நடக்கின்றன. 1902இல் ஓஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கத்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1910இல் தென் கரோலினாவின் ஏய்க்கன் கவுண்டியில் மரீ குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு தக்காளிச் சங்கமே அமைத்தார். பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் தக்காளி போட்டு, அதை டப்பாவில் அடைத்து விற்றுச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள் அந்தப் பெண்கள். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் இந்த வேலைகளையெல்லாம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் விவசாய விரிவாக்கப் பணியோடு இணைத்தது. இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். நியூஜெர்சியில் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகம்.

ஆக, முதல் வேலை உங்கள் கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் (விரிவாக்கப் பணி) அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போடுவது. தோட்டக்கலைச் சங்கம் எது, எப்போது கூடுகிறது, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூப்பிடுவதற்கு நல்ல நேரம் செப்டம்பர், அக்டோபர். சங்க ஆண்டு அப்போதுதான் தொடங்கும். ஃபேருக்கு ஒரு மாதம் முன்னால் போய்ச் சேர்கிறேன் என்றால் பல இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தேதிக்கு முன் பதிவு செய்திருக்க வேண்டும், இத்தனை கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கும். சங்கத்தில் சேர முடியாதவர்களுக்கும் சில ஃபேர்களில் பொதுப் பிரிவு உண்டு, அதிலும் இளையோருக்குத் தனி வகுப்பு (போட்டிப் பிரிவு) இருக்கலாம். அதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

தொடக்கப் பள்ளிச் சின்னப் பிள்ளைகளை க்ளோவர்பட் என்பார்கள். அவர்களுக்குப் போட்டி கிடையாது. கொண்டுவந்து வைக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்கேற்பு ரிப்பன் தருவார்கள். இந்த வயதிலேயே ஒரு தட்டு வைத்துப் பழகிவிட்டால் பெரிய பிரிவுக்கு வரும்போது பதற்றம் இருக்காது.

புத்தகத்தை வாசிப்பது

ஒவ்வொரு ஃபேருக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. பிரீமியம் புக் என்றோ ஃபேர் புக் என்றோ சொல்வார்கள், இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. வசந்த காலத்தில் புதிய பதிப்பு வந்ததும் பிள்ளையை உட்காரவைத்து அதை வாசிக்கச் சொல்லுங்கள். போன வருடத்துப் பதிப்பை நம்ப வேண்டாம், எண்ணிக்கையும் வகுப்பு எண்ணும் மாறிவிடும்.

அதில் தேட வேண்டியவை: எந்தக் காய் எந்த வகுப்பு எண்ணில் வருகிறது, ஒரு தட்டில் எத்தனை வைக்க வேண்டும், காம்பு இருக்கலாமா, தட்டு அவர்கள் தருவார்களா, பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது, காட்சிப்பொருளைக் கொண்டுவர வேண்டிய மணி எது. எண்ணிக்கை விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார்கள். ஐந்து என்று போட்டிருந்தால் ஐந்துதான். “ஒன்று கூட இருந்தால் என்ன” என்று ஆறாவதை வைத்தால் அருமையான தக்காளியானாலும் தட்டு தகுதி இழக்கும். தக்காளி ஐந்து, செர்ரித் தக்காளி பன்னிரண்டு, பீன்ஸ் பன்னிரண்டு, குடைமிளகாய் ஐந்து, வெள்ளரி மூன்று, பெரிய கத்தரி ஒன்று அல்லது இரண்டு என்பது பரவலாகக் காணும் கணக்கு. உங்கள் ஊர்ப் புத்தகம் வேறு மாதிரி சொன்னால் அதுதான் சட்டம்.

ரகத்தின் பெயரும் தேவைப்படும். சீட்டில் “தக்காளி” என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையலாம். விதைப் பொட்டலத்தையோ நாற்றோடு வந்த பிளாஸ்டிக் அட்டையையோ நட்ட அன்றே ஒரு நோட்டில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். ஆகஸ்டில் போய் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நியூஜெர்சிக்காரர்கள் ரட்கர்ஸ் தக்காளி போடுவது ஒரு தனி சந்தோஷம். 1934இல் இங்கேயே உருவாக்கி வெளியிட்ட ரகம். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

தேதியைப் பின்னோக்கி எண்ணுவது

ஃபேர் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு அங்கிருந்து பின்னால் எண்ண வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் ஃபேர் என்று வைத்துக்கொள்வோம். பீன்ஸ் விதைத்த 50, 55 நாளில் காய்க்கும். மே மாதம் விதைத்தால் ஜூலையில் நன்றாகக் காய்த்து, ஃபேர் வரும்போது செடி ஓய்ந்துபோயிருக்கும். ஜூன் நடுவில் ஒரு வரிசை விதையுங்கள், அப்போதுதான் முதல் பறிப்பு காட்சிக்குச் சரியாக வரும். வெள்ளரிக்கும் இதே கணக்குதான். வெண்டைக்கு மண் சூடாக வேண்டும், எனவே மே கடைசியில் நேரடியாக விதைத்தால் ஜூலைக் கடைசியில் காய் பிடிக்கும்.

கத்தரியும் மிளகாயும் நிதானமான பயிர்கள். நடுவதற்கு எட்டு வாரம் முன்னதாக வீட்டுக்குள் விதைத்து, பனி பயம் நீங்கிய மே நடுவில் வெளியே நட வேண்டும். தக்காளிக்கு ஆறு வாரம் போதும். இந்த வேலை கையை மீறியது என்று தோன்றினால் நாற்று வாங்கி நட்டாலும் பெரும்பாலான ஃபேர்களில் தவறில்லை. நட்டதிலிருந்து வளர்த்தது பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளைப் பூண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபரில் பற்களை ஊன்றினால் ஜூலையில் பிடுங்கலாம். நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தினால் ஆகஸ்ட் ஃபேருக்குக் கச்சிதம். மான், முயல், கிரவுண்ட்ஹாக் எதுவும் பூண்டைத் தொடாது. காட்சிக்குப் பல நாள் முன்னாலேயே தயாராகிவிடுவதால் கடைசி நாள் ஓட்டமும் இல்லை. புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

எதைப் போட்டாலும் தேவைக்கு நாலைந்து மடங்கு காய் கிடைக்கும்படி போடுங்கள். ஐந்து ஒத்த தக்காளி வேண்டுமென்றால் அந்த வாரம் கூடையில் இருபது இருபத்தைந்தாவது இருக்க வேண்டும். அதனால் பத்து வகையில் ஒவ்வொரு செடி வைப்பதைவிட இரண்டு வகையில் நாலைந்து செடி வைப்பது நல்லது.

நடுவர் கண் எங்கே போகிறது

தக்காளித் தட்டை ஒரு நடுவர் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கவனித்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். முதலில் எதையும் தொடாமல் தட்டை முழுதாகப் பார்ப்பார். ஐந்தும் ஒரே அளவா, ஒரே வடிவமா, ஒரே நிறமா? கல்யாணப் பந்தியில் வைத்த லட்டுபோல ஐந்தில் எது எது என்று அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்ப்பார். பூ இருந்த அடிப்பக்கத்தில் கறுப்போ தழும்போ இருக்கிறதா என்று தேடுவார். காம்பு இருந்த தோள்பட்டையில் பச்சை நிற்கிறதா, வளைய வெடிப்பு இருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். மெல்ல அழுத்திப் பார்ப்பார். தோலுக்கடியில் வெளிறிய புள்ளிகள் இருந்தால் அது நாற்றப் பூச்சி குத்திய தடம், அதற்கும் கழிப்பார். பீன்ஸாக இருந்தால் ஒன்றை ஒடித்தும், வெள்ளரியாக இருந்தால் ஒன்றை வெட்டியும் பார்க்கும் நடுவர்கள் உண்டு. பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள், தன் காயை வெட்டும்போது அழுகை வந்துவிடும்.

அவர் தேடுவதை நாலு கேள்வியாகச் சுருக்கலாம். இன்றைக்கே சமைக்கும் பக்குவத்தில் இருக்கிறதா? பூச்சி, கீறல், அழுக்கு இல்லாமல் இருக்கிறதா? எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவா? அந்த ரகத்துக்குரிய அளவும் நிறமும் இருக்கிறதா? முற்றிய வெண்டையும் ராட்சத சுக்கினியும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். ஐந்தில் நாலு பிரமாதமாக இருந்து ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் அந்த ஒன்றுதான் தட்டின் மதிப்பெண்ணை முடிவு செய்யும். அதனால் பெரிய காயை முதலில் எடுத்து வைத்துவிட்டு அதற்கு ஜோடி தேடாதீர்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எந்த அளவில் அதிகம் கிடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவிலிருந்து ஐந்தைப் பொறுக்கச் சொல்லுங்கள்.

பொறுக்குவதைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். உங்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரியும், கை பரபரக்கும், இருந்தாலும் விட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளை வெண்டைக்காய்களைச் சமையல் மேடையில் வரிசையாக அடுக்கி, நுனியைச் சமமாக நிறுத்தி, நீளமானதை ஒதுக்கி, வளைந்ததை ஒதுக்கி, மீதியை மறுபடி அடுக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் முழுக்கப் பதிகிறது.

காய்க்குக் காய்

தக்காளி: மழைக்கு முந்திக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் இடி மழை அடித்தால் பழுத்த தக்காளி ஒரே இரவில் வெடிக்கும். அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து வீட்டுக்குள் காம்புப் பக்கம் கீழாக வைத்தால் நன்றாகவே பழுக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. பெரிய தக்காளிக்கு வழக்கமாகக் காம்பை எடுத்துவிடச் சொல்வார்கள், பக்கத்துத் தக்காளியைக் குத்திவிடும் என்பதால். அடி கறுத்துப்போவது பெரும்பாலும் தண்ணீர் ஒரு நாள் நிறைய, நாலு நாள் இல்லை என்று விடுவதால் வருவது. சீராக ஊற்றி, வேரடியில் வைக்கோல் போட்டால் குறையும்.

வெண்டை: ஊரில் கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கிய கை நமக்கு. இங்கே ஒடித்த காயை வைக்க முடியாது. எனவே ஒரே நாளில் பூத்து ஒரே அளவில் நிற்கும் காய்களில் ஒன்றை மட்டும் பறித்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் மற்றவையும் சரியாகத்தான் இருக்கும். மூன்று முதல் நாலு அங்குல நீளம், அரை அங்குலம் காம்பு. வெண்டை இரண்டே நாளில் நாராகிவிடும் என்பதால் முந்தின நாள் மாலையோ அன்று காலையோ பறிக்க வேண்டும். தொட்ட இடமெல்லாம் கறுக்கும். காம்பைப் பிடித்தே கையாளுங்கள்.

கத்தரி: நம் வீட்டு அம்மாக்கள் காம்பைப் பார்த்துத்தான் கத்தரிக்காய் வாங்குவார்கள். நடுவர் பார்ப்பதும் அதையேதான். தொப்பி பச்சையாக விறைப்பாக இருக்க வேண்டும், ஒரு அங்குலம் காம்பு விட்டுக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும், இழுத்துப் பிய்க்கக் கூடாது. தோல் மினுமினுப்பாக இருந்தால் பக்குவம், மங்கினால் விதை முற்றிவிட்டது. மெல்லிய ஈரத் துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் தடவினால் தகுதி போய்விடும். எல்லாக் காய்க்கும் இது பொருந்தும்.

பீன்ஸ்: இரு முனையும் அப்படியே, காம்போடு. உள்ளே விதை புடைத்துத் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பக்கமாக வளைத்து அடுக்கினால் தட்டு அழகாக இருக்கும். ஈரமான தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும்.

குடைமிளகாய்க்கு ஒரு நுணுக்கம்: அடியில் மூன்று மடிப்பு உள்ளதும் நாலு மடிப்பு உள்ளதும் கலக்கக் கூடாது. பாதி பச்சை பாதி சிவப்பாக இருப்பதும் வேண்டாம், முழுப் பச்சை அல்லது முழுச் சிவப்பு.

வெள்ளரியில் பூ முனையில் மஞ்சள் தட்டியிருந்தால் முற்றல். ஆறிலிருந்து எட்டு அங்குலம், ஒரே பருமன். முட்டைக்கோஸ், வெள்ளரி போன்றவற்றில் மேலே சாம்பல் படிந்ததுபோல ஒரு மெழுகு இருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். இருந்தால்தான் புதிது என்று அர்த்தம்.

கேரட், பீட்ரூட்டில் தழையை ஓரிரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள், நுனி வேரை வெட்டாதீர்கள். மண்ணை அலசலாம், ஆனால் பிரஷால் அழுத்தித் தேய்த்தால் தோல் வழன்றுவிடும். உருளைக்கிழங்கை உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டினால் போதும். வெங்காயமும் பூண்டும் நன்றாக உலர்ந்து கழுத்து இறுகியிருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டும் என்று தோலை உரித்துக்கொண்டே போகாதீர்கள், மேலே அழுக்கான ஒரே ஒரு தோலை எடுத்தால் சரி.

பாகற்காய் எந்த வகுப்பு?

பாகல், பீர்க்கு, புடல் எதுவும் பெரும்பாலும் புத்தகத்தில் பெயரோடு இருக்காது. “மற்றக் காய்கறிகள்” என்று கடைசியில் ஒரு வகுப்பு இருக்கும், அதுதான் நமக்கு. எத்தனை வைப்பது என்று சந்தேகம் வந்தால் ஃபேருக்கு இரண்டு வாரம் முன்னாலேயே அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காய்களை எப்போது பறிப்பார்கள், நல்ல காய் எப்படி இருக்கும் என்பது அந்த நடுவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். பழுத்த பாகற்காய்தான் பக்குவம் என்று அவர் நினைத்துவிட்டால் நம் பிள்ளையின் பச்சைப் பாகல் பாவம். விதி அனுமதித்தால் ஒரு சின்ன அட்டையில் பிள்ளையின் கையெழுத்தில் நாலு வரி வையுங்கள்: காயின் பெயர், தாவரவியல் பெயர், பச்சையாக இருக்கும்போதே சமைப்பது, முள் மழுங்காமல் இறுக்கமாக இருந்தால் நல்ல காய் என்பது. பாகலுக்குத் தாவரவியல் பெயர் மொமோர்டிகா சரண்டியா, பீர்க்கு லூஃபா அகுடாங்குலா, புடல் ட்ரைகோசாந்தஸ் குகுமெரினா. மேசையைச் சுற்றி வரும் மற்றப் பிள்ளைகளும் அந்த அட்டையை ஆசையாகப் படிப்பார்கள்.

விதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊருக்குப் போய்விட்டு வரும்போது பெட்டியில் விதைப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். தாவர நலச் சான்றிதழ் வேண்டும், விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அபராதம். பாகல், பீர்க்கு, புடல் விதைகளை அமெரிக்காவிலேயே பல விதைக் கடைகள் விற்கின்றன.

தொட்டிச் செடிகள்

அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவே நல்ல வழி. இங்கே முக்கிய விதி, செடி இத்தனை காலமாகப் பிள்ளையின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்பது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இடத்துக்கு இடம் மாறும். ஃபேருக்கு முந்தின வாரம் கடையில் வாங்கி வைப்பது கூடாது. அது நியாயமான விதிதான். தொட்டியின் அகலத்துக்கும் உச்ச வரம்பு இருக்கும், அளந்து பாருங்கள்.

மணிபிளாண்ட், கற்றாழை, ஸ்பைடர் பிளாண்ட், கோலியஸ் எல்லாம் பிள்ளைகளுக்கு எளிது. வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் செடி ஜன்னல் பக்கமாகவே சாய்ந்து வளரும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் செடிக்குத்தான் மதிப்பெண். கிளையைக் கிள்ளிவிடுவதானால் ஃபேருக்கு ஐந்தாறு வாரம் முன்னாலேயே கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் தழைக்க நேரம் கிடைக்கும். பழுத்த இலைகளை எடுத்து, இலைத் தூசியை ஈரத் துணியால் துடைத்து, தொட்டியின் வெளிப்பக்கத்து உப்புக் கறையைத் தேய்த்துக் கழுவுங்கள். இலைக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. சதைப்பற்றுச் செடிகளின் இலையில் வெள்ளைப் பொடிபோல் இருப்பது விரல் பட்டால் அழிந்துவிடும், தடம் அப்படியே நிற்கும். தொட்டியைப் பிடித்தே தூக்க வேண்டும்.

பூச்சி இருந்தால் செடியைக் கூடாரத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். மாவுப்பூச்சி இலைக் கக்கத்தில் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும். அசுவினி கொழுந்திலும், செஞ்சிலந்தி இலையின் அடியிலும் இருக்கும். ஃபேருக்கு மூன்று வாரம் முன்னால் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைக்கு ஒப்படையுங்கள்.

துளசி வைக்கலாம், பூங்கதிரைத் தொடர்ந்து கிள்ளிவந்தால் அடர்த்தியாக நிற்கும். கறிவேப்பிலை வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். நியூஜெர்சியில் உள்ளூரிலேயே வாங்கி வளர்த்த செடி என்றால் வைக்கலாம். ஆனால் ஃப்ளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாகல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் குடியிருக்கும். அந்தப் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் ஃப்ளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டன, அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டுப்பாடு உள்ள பகுதியிலிருந்து செடியை வெளியே எடுத்துப் போகக் கூடாது. அங்கிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் கன்றையும் வாங்காதீர்கள்.

முந்தின நாளும் அன்றும்

காட்சிப்பொருள் கொடுக்கும் நேரம் வழக்கமாக ஃபேர் தொடங்குவதற்கு முந்தின நாள் இருக்கும். ஏழு மணிக்கு மூடுவோம் என்றால் ஏழு மணிதான், வேலையிலிருந்து வந்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். சீட்டை வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள்: பெயர், சங்கம், வகுப்பு எண், ரகம். மை கலையாத பேனா வேண்டும்.

காய்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி ஆழமில்லாத பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு உபரி கட்டாயம். வண்டி குலுங்கி ஒன்று நசுங்கிவிட்டால் அங்கேயே மாற்றலாம். காரை வெயிலில் நிறுத்திவிட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள், கத்தரித் தொப்பி அரை மணியில் வாடிவிடும். செடித் தொட்டிக்கு முந்தின நாள் காலையில் தண்ணீர் ஊற்றினால் வண்டியில் வழியாது.

சில ஃபேர்களில் பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசிக்கொண்டே மதிப்பிடுவார்கள். என்ன ரகம், எப்போது நட்டாய், எப்போது பறித்தாய், பூச்சிக்கு என்ன செய்தாய், அடுத்த வருடம் எதை மாற்றுவாய் என்று கேட்பார்கள். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் போதும். நீங்கள் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுவிடுங்கள். நட்ட தேதி, முதல் பூ, முதல் காய் என்று நோட்டில் குறித்துவைத்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் எதுவும் சிரமமே இல்லை. ஃபோர்-எச்சில் திட்டக் குறிப்பேடு என்று ஒன்றை ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் இதே நோட்டு உதவும்.

ரிப்பன்

அமெரிக்காவில் நீலம்தான் உயர்ந்தது, அடுத்து சிவப்பு, அடுத்து வெள்ளை. பல இடங்களில் டேனிஷ் முறை என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் தட்டை இன்னொரு பிள்ளையின் தட்டோடு ஒப்பிடுவதில்லை. வகுத்துவைத்த தரத்தோடுதான் ஒப்பிடுவார்கள். தரத்தை எட்டிய எல்லோருக்கும் நீலம் கிடைக்கும், பத்துப் பேர் எட்டினால் பத்துப் பேருக்கும் நீலம். நீலம் வாங்கியவற்றுக்குள் மிகச் சிறந்ததற்குச் சாம்பியன் என்று ஊதா ரிப்பன் தருவதும் உண்டு. ராங்க் பார்த்துப் பழகிய நம் வீடுகளில் இதைப் பிள்ளைக்கு முன்பே விளக்கிவிட வேண்டும். “எத்தனாவது வந்தாய்?” என்று ஊரிலிருந்து தாத்தா பாட்டி கேட்கும்போது பிள்ளையே விளக்கிச் சொல்லிவிடும்.

ரிப்பனைவிடச் சீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவர் “அளவு ஒத்துவரவில்லை”, “ஒரு நாள் முன்னால் பறித்திருக்கலாம்” என்று ஒரு வரி எழுதியிருப்பார். அதைப் படமெடுத்து நோட்டில் ஒட்டிவையுங்கள். எழுதாவிட்டால், மதிப்பீடு முடிந்த பிறகு பிள்ளையே போய் மரியாதையாகக் கேட்கலாம். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். அவர்களில் பலர் எக்ஸ்டென்ஷன் திட்டத்தில் பயிற்சி எடுத்த மாஸ்டர் கார்டனர் தொண்டர்கள்.

ஃபேர் முடியும்வரை தட்டையும் தொட்டியையும் எடுக்கக் கூடாது. திரும்ப எடுக்க ஒரு நேரம் குறித்திருப்பார்கள், அதற்குள் போகாவிட்டால் அப்புறப்படுத்திவிடுவார்கள். காய்கறி கூடாரச் சூட்டில் வாடிப்போயிருக்கும், சமைக்க உதவாது. தொட்டிச் செடிக்கு மட்டும் உடனே தண்ணீர் ஊற்றி, வீட்டில் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள், பக்கத்துத் தொட்டியிலிருந்து பூச்சி தொற்றியிருக்கலாம். செப்டம்பரில் சங்கப் பதிவைப் புதுப்பித்துவிட்டு, அக்டோபரில் பூண்டு ஊன்ற இடம் ஒதுக்கிவிடுங்கள்.